சிறு காயத்தை ரசிப்பது எப்படி

நற்பிட்டிமுனைக்கு மேற்கே விரிந்த வயல்களில் வேளாண்மை வெட்டும் காலத்தில் தாக்கத்தி விரலைக் கீறிவிடுவதும், கீறிய இடத்தைத் துணியால் அழுத்திக்கொண்டு வெட்டுகிறவர் மறுபடி வேலையில் இறங்குவதும் ஒருவரும் பொருட்படுத்தாத நிகழ்ச்சிகள். ஆயினும், துணியை எடுத்த பின் அந்தக் காயத்தைச் சில நிமிஷம் நிதானமாக உற்று நோக்குபவர், துளித்துளியாய்ப் பெருகி, பிறகு தயங்கி, கடைசியில் கருஞ்சிவப்பாய்த் திரண்டு நின்றுவிடும் ரத்தத்தில், சரீரத்தின் அதிசூட்சுமமான காரியமொன்றைப் பிரத்தியட்சமாகக் காண்கிறார்.

அக்காரியத்தைத் தொடங்கி வைப்பவை குருதிச் சிறுதட்டுக்கள். ஒரு கன மில்லிமீற்றர் ரத்தத்தில் ஒன்றரை லட்சம் முதல் நாலரை லட்சம் வரை மிதந்து திரியும் இவை, குழாய்ச் சுவர் கிழிந்து உள்ளிருக்கும் கொலாஜன் நார் தட்டுப்பட்ட க்ஷணத்திலேயே உருமாறி ஒட்டிக்கொள்கின்றன. அப்போது அவற்றினுள்ளே நொதியங்கள் விழித்தெழுந்து, சவ்விலிருந்து பிரிந்த அரக்கிடோனிக் அமிலத்தைத் துரொம்பொக்சேன் என்னும் பொருளாக மாற்ற, அது அண்டையிலுள்ள தட்டுக்களையும் கூவியழைக்கிறது. துரொம்பின் என்ற மற்றொரு நொதியமோ தட்டின் மேற்பரப்பிலுள்ள வாங்கியின் நுனியைத் துண்டித்தே அதனைத் தூண்டிவிடுகிறது.

ஆனால் உண்மையான ரசிகர் வியந்து நிற்க வேண்டிய இடம் இந்த வேகமன்று, இதற்கு எல்லை வகுக்கும் அடக்கமே என்பது என் துணிபு. உடைந்த வரம்பை அடைப்பவன் வாய்க்காலையே தூர்த்துவிடுவதில்லை அல்லவா? காயம்படாத குழாய்ச் சுவர், அதே அமிலத்தை எடுத்து, இறுதிப் படியில் மட்டும் வேறொரு நொதியத்தைக் கொண்டு, தட்டுக்களைச் சாந்தப்படுத்தும் புரொஸ்டாசைக்கிளினை ஆக்குகிறது. தட்டுக்கள் சிந்தும் தூண்டுபொருளை அங்கேயே சிதைத்தழிக்கும் நொதியமொன்றும் அச்சுவரின் மேல் காவலிருக்கிறது. மூலப்பொருள் ஒன்றாயிருக்க, அதன் பயன்கள் நேரெதிராய் அமைந்த இந்த விசித்திரத்தை எத்தனை முறை நினைத்தாலும் எனக்குத் தெவிட்டுவதில்லை.

இருதய நோய்க்காகத் தினமும் சிறிதளவு அஸ்பிரின் விழுங்கும் நம் வாப்பாமாரிடம் இதனை இன்னும் தெளிவாகக் காணலாம். அஸ்பிரின் புரொஸ்டகிளாண்டின் ஆக்கத்தைத் தடுக்கிறதென்று 1971 இல் கண்டறிந்த ஜோன் வேன், 1982 இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அரக்கிடோனிக் அமிலத்தை மாற்றும் பாதையில் அந்த மாத்திரை முடக்கிய நொதியத்தைக் குழாய்ச் சுவரின் கலங்கள் மீண்டும் ஆக்கிக்கொள்ளும். கருவில்லாத சிறுதட்டுக்கோ, ஏழு முதல் பத்து நாள் வரையான தன் ஆயுள் முடியும் மட்டும் அச்சக்தி இல்லை. ஆகவே அவர்களுடைய கீறலில் ரத்தம் சற்றே அதிக நேரம் கசியும். வைத்தியர் சொல்லி மருந்தை நிறுத்தினாலும், நாளொன்றுக்குப் பத்திலொரு பங்காகப் புதிய தட்டுக்கள் வந்து சேரச் சேரத்தான் பழைய வேகம் திரும்பும்.