150 வரைக்கும் போட்டிருக்கான்!

தெருவில் யாராவது மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போனால் போதும், ஓடிப்போய் எட்டிப் பார்ப்போமே, ஞாபகம் இருக்கிறதா? எதைப் பார்ப்போம்? மீட்டரை! கண்ணாடியில் முகத்தை ஒட்டவைத்து, வெயில் அடிக்காமல் இரண்டு கையாலும் மறைத்துக்கொண்டு, வட்டத்தின் கடைசியில் என்ன எண் போட்டிருக்கிறது என்று பார்ப்போம். "டேய், இது நூத்தி இருபதுடா!" "போடா, எங்க மாமா வண்டி நூத்தி அறுபது!" அவ்வளவுதான், வண்டியின் தகுதி அங்கேயே தீர்மானமாகிவிடும். எனக்கு இப்போது 52 வயது. இன்னும் அதையேதான் செய்துகொண்டிருக்கிறேன். கல்யாண மண்டப வாசலில் ஒரு பழைய யெஸ்டி நின்றால் தாலி கட்டும் நேரம்கூட மறந்துபோகிறது.

எல்லாவற்றுக்கும் காரணம் என் சித்தப்பாவின் புல்லட். திருவொற்றியூரில் செய்த 350. 346 சி.சி., 18 குதிரைசக்தி, ஒற்றை சிலிண்டர். 1981-ல் எனக்கு எட்டு வயது. திண்டுக்கல்லிலிருந்து வத்தலக்குண்டு போகிற ரோட்டில் அவர் என்னைப் பெட்ரோல் டேங்க் மேல் உட்காரவைத்து ஓட்டுவார். நினைத்துப் பாருங்கள், அந்த வயதுப் பையனுக்கு மூக்குக்கு நேரே ஸ்பீடோமீட்டர்! முகத்தில் காற்று அறைகிறது, இரண்டு பக்கமும் புளியமரங்கள் பின்னால் ஓடுகின்றன, நான் எதையும் பார்க்கவில்லை. அந்த முள்ளையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். 60, 70, 80... 80-ஐத் தாண்டினால் முள் பேய் பிடித்த மாதிரி ஆடும். 75-க்கும் 95-க்கும் நடுவில் போய்ப் போய் வரும். "இப்ப எவ்வளவு சித்தப்பா?" என்று கத்துவேன். "ரெண்டையும் கூட்டி ரெண்டால வகுத்துக்கடா!" என்று காற்றோடு பதில் வரும்.

அந்த ஆட்டத்துக்கான காரணம் பல வருஷம் கழித்துத்தான் தெரிந்தது, தெரிந்த அன்று ராத்திரி தூக்கம் போய்விட்டது. முன்சக்கரத்திலிருந்து ஒரு கேபிள் மீட்டருக்குள் வருகிறது. அது ஒரு காந்தத்தைச் சுழற்றுகிறது. காந்தத்தைச் சுற்றி ஓர் அலுமினியக் கிண்ணம் கவிழ்ந்திருக்கிறது. இரண்டும் தொட்டுக்கொள்வதே இல்லை! ஆனாலும் காந்தம் சுழலச் சுழல, கிண்ணத்துக்குள் மின்னோட்டம் எழுந்து அதையும் கூடவே இழுக்கிறது. மயிரிழை போன்ற ஒரு ஸ்பிரிங் "போகாதே" என்று பிடித்து வைத்திருக்கிறது. அந்த இழுபறிதான் முள்! 1902-ல் ஓட்டோ ஷுல்ஸே என்கிற ஜெர்மானியர் காப்புரிமை வாங்கிய யுக்தி. கேபிளில் கிரீஸ் வற்றினால் சுழற்சி விக்கி விக்கி வரும், முள்ளும் கூடவே ஆடும். குறை என்று யாராவது சொன்னால் சொல்லிக்கொள்ளட்டும். எனக்கு அது வண்டி மூச்சு வாங்குகிற மாதிரிதான் இருக்கும்.

சித்தப்பா வண்டி மீட்டரில் 160 வரை இருந்தது. எவ்வளவு முறுக்கினாலும் 110-ஐ ஒட்டித்தான் போகும். ஒருநாள் கேட்டேவிட்டேன், "மிச்சம் அம்பது எதுக்கு சித்தப்பா?" பீடியைக் கீழே போட்டு மிதித்துவிட்டு, "அது வண்டியோட ஆசைடா" என்றார்.

வண்டியோட ஆசை! அன்றிலிருந்து எந்தப் பழைய வண்டியைப் பார்த்தாலும் இரண்டு கேள்விதான்: இது எவ்வளவு போகும், இது எவ்வளவு ஆசைப்படுகிறது?

அந்தக் காலத்து ஆட்கள் வேகத்தை வண்டியின் பெயரிலேயே எழுதி ஒட்டிக்கொண்டு திரிந்தார்கள், தெரியுமா! இங்கிலாந்தில் நாட்டிங்ஹாம் ஊர்க்காரர் ஜார்ஜ் பிரௌ, தன் 'பிரௌ சுப்பீரியர் எஸ்எஸ்100' வண்டியை 1924-ல் கொண்டுவந்தார். அந்த 100 என்பது மணிக்கு 100 மைல், அதாவது 160 கிலோமீட்டர். போகும் என்று உத்தரவாதமே கொடுத்து விற்றார்! நூறு வருஷத்துக்கு முன்னால்! லாரன்ஸ் ஆஃப் அரேபியா விரும்பி வாங்கிய வண்டி. அப்புறம் ட்ரயம்ஃப் 'டைகர் 100', 1959-ல் 'போனவில் டி120'. எண்ணைப் பார்த்தாலே எந்த வேகத்துக்கு நெஞ்சை நிமிர்த்துகிறது என்று தெரிந்துவிடும். அமெரிக்காவில் யூட்டா மாநிலத்து உப்புப் பாலைவனமான போனவில்லில் 1956-ல் ஜானி ஆலன் 214 மைல் வேகத்தில் பறந்தாரே, அந்த இடத்தின் பெயர்தான் அந்த வண்டிக்கு. இதையெல்லாம் ராத்திரி பதினொரு மணிக்கு மனைவியை எழுப்பிச் சொல்லியிருக்கிறேன்.

சரி, இப்போது அசல் விஷயத்துக்கு வருகிறேன். இதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். வின்சென்ட் பிளாக் ஷேடோ!

1948-ல் இங்கிலாந்தின் ஸ்டீவனேஜ் ஊரில் பிறந்தது. 998 சி.சி., வி வடிவில் இரண்டு சிலிண்டர், 55 குதிரைசக்தி. மற்றவர்கள் எல்லாம் எஞ்சினை வெள்ளி மாதிரி பளபளவென்று தேய்த்து விற்றபோது, இவர்கள் எஞ்சினுக்கே கறுப்பு அடித்துவிட்டார்கள். கண் மை வைத்த மாதிரி. வேகம் மணிக்கு 125 மைல். 200 கிலோமீட்டர்! அதே 1948-ல் வந்த மோரிஸ் மைனர் கார் உயிரைக் கொடுத்து ஓடினாலும் 60 சொச்சம் மைல்தான். அந்தக் கார் பக்கத்தில் இது போனால் எப்படி இருந்திருக்கும்!

அதன் மீட்டர் இருக்கிறதே... மற்ற வண்டிகளுக்கெல்லாம் மூன்று அங்குல மீட்டர். பிளாக் ஷேடோவுக்கு ஸ்மித்ஸ் கம்பெனி செய்த ஐந்து அங்குல மீட்டர். காபி டபராவின் வாய் அளவு! சாய்ந்து படுக்காமல் ஓட்டுகிறவன் முகத்தைப் பார்த்து நிமிர்ந்து நிற்கும். அதில் கடைசி எண் என்ன தெரியுமா? 150. மைல்! 125 போகிற வண்டிக்கு 150! மிச்சம் 25 மைல் ஆசை!

அந்த ஆசையை அதே வருஷம் ஒருவர் தீர்த்துவைத்தார் என்பதுதான் எனக்கு இன்றும் புல்லரிக்கிற விஷயம். 1948 செப்டம்பர் 13. அதே போனவில் உப்பு வெளி. ரோலி ஃப்ரீ என்கிற அமெரிக்கர், இதே எஞ்சினைப் பந்தயத்துக்காக இன்னும் முடுக்கிய ஒரு வின்சென்ட்டில் ஓடுகிறார். அதற்கு முன்பிருந்த அமெரிக்க சாதனை 136 மைல், அதைத் தாண்டியாயிற்று. ஆனாலும் 150 வரவில்லை. போட்டிருந்த தோல் உடுப்பு காற்றில் கிழிந்துபோய்ப் படபடக்கிறது. மனுஷன் என்ன செய்தார்? அத்தனையும் கழற்றி எறிந்தார். நீச்சல் ஜட்டி, தலைக்கு ஒரு குளியல் தொப்பி, காலுக்குக் கடன் வாங்கிய ரப்பர் ஷூ, அவ்வளவுதான். வண்டிமேல் குப்புறப் படுத்து, காலை இரண்டையும் பின்னால் நீட்டி, தலையைக் குனிந்துகொண்டு, கீழே உப்பு ரம்பம் மாதிரி ஓட... 150.313 மைல்! அந்தப் படத்தைப் பாருங்கள், பார்க்காதவர்கள் இன்றைக்கே தேடிப் பாருங்கள், என் வீட்டுக் கூடத்தில் அது தொங்குகிறது. வருகிறவர்கள் யார் தாத்தாவா என்று கேட்கிறார்கள். நான் மறுப்பதில்லை.

போன வருஷம் தங்கச்சி வீட்டுக்கு இங்கிலாந்து போயிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை, பக்கத்துக் கிராமத்தில் பழைய வண்டிக்காரர்கள் கூடுவார்கள் என்று மச்சான் கூட்டிக்கொண்டு போனார். லேசான தூறல். புல்தரையில் நாற்பது ஐம்பது வண்டிகள். நான் வரிசையாகக் குனிந்து மீட்டர் பார்த்துக்கொண்டே போகிறேன். 80, 120, 120... ஒரு ஹோண்டா சிபிஎக்ஸ் நின்றது, அமெரிக்காவிலிருந்து வந்தது, ஆறு சிலிண்டர் ராட்சசன், மீட்டரில் வெறும் 85! 1979-ல் அந்த நாட்டில் மீட்டரில் 85 மைலுக்கு மேல் எண் போடக்கூடாது என்று சட்டம் வைத்திருந்தார்கள், கொஞ்ச காலத்தில் எடுத்தும்விட்டார்கள். யானைக்குப் பூனை மணி கட்டியது மாதிரி இருந்தது, மனசு கேட்கவில்லை, டேங்கைத் தடவிக் கொடுத்துவிட்டு நகர்ந்தேன். நிமிர்ந்தால், கறுப்பு எஞ்சின். பெரிய வட்டம். 150.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. உண்மையாகவே கண் கலங்கிவிட்டது. பக்கத்தில் ஃபிளாஸ்க்கிலிருந்து டீ ஊற்றிக்கொண்டிருந்த பெரியவர், எண்பது வயதிருக்கும், என்னையே பார்த்தார். எங்கிருந்து வருகிறாய் என்று கேட்டார். மெட்ராஸ், புல்லட் ஊர் என்றேன். சிரித்தார். டீயைக் கீழே வைத்தார். அவர் மனைவியின் ஹெல்மெட்டை எடுத்து என் கையில் கொடுத்தார்!

ஒரே உதையில் பிடித்துக்கொண்டது. அந்தச் சத்தத்தை எப்படிச் சொல்ல? புல்லட் ஒற்றை ஆள் உலக்கை போடுகிற சத்தம். இது ஒரே உரலில் இரண்டு பேர் மாற்றி மாற்றி, ஆனால் சம இடைவெளி விடாமல், போடுகிற சத்தம். தும்-தும்... தும்-தும்... அது சீட்டு வழியாக முதுகெலும்பில் ஏறிப் பல்லுக்கு வருகிறது. கிராமத்துச் சந்துகளைத் தாண்டி, அகலமான இரட்டை ரோட்டில் ஏறியதும், அவர் ஆக்ஸிலேட்டரை லேசாக, சத்தியமாக லேசாகத்தான், முறுக்கினார். என் கை இரண்டும் அவர் கோட்டைக் கவ்விக்கொண்டன. நான் அவர் தோளுக்கு மேலே எட்டிப் பார்க்கிறேன், எட்டு வயதுப் பையன் மாதிரி, சித்தப்பா டேங்கில் உட்கார்ந்த அதே பையன் மாதிரி, அங்கே அந்தப் பெரிய வட்டம், அதில் முள்... ஐயோ, அந்த முள் ஆடவே இல்லை! அது துள்ளித் துள்ளி ஏறுகிறது! கோழி தலையை வெட்டி வெட்டி நடக்குமே, அந்த மாதிரி, டக், 40, டக், 42, டக், 45! அதில் காந்தம் கிடையாது, உள்ளே கடிகாரம் மாதிரி பல்சக்கரங்கள், ஒவ்வொரு சின்ன நேரத்துண்டிலும் கேபிள் எத்தனை சுற்று சுற்றியது என்று எண்ணி, எண்ணியதை முள்ளிடம் சொல்லி, மறுபடியும் எண்ணத் தொடங்கும் இயந்திரம், க்ரோனோமெட்ரிக் என்று பெயர், இதைப் பற்றி எத்தனை வருஷம் படித்திருப்பேன், படித்ததெல்லாம் என் கண் முன்னே துள்ளுகிறது, 55, 60, 65, காற்று கன்னத்தைப் பிய்க்கிறது, தூறல் ஊசி மாதிரி குத்துகிறது, நான் வாய்விட்டுக் கத்துகிறேன், தமிழில் கத்துகிறேன், "சித்தப்பா! எழுபது! எழுபது சித்தப்பா!" என்று கத்துகிறேன், அந்தப் பெரியவருக்கு ஒன்றும் புரியாமல் அவரும் சேர்ந்து "யேஏஏ!" என்று கத்துகிறார்!

70-தான் அந்த ரோட்டின் சட்ட வரம்பு. அங்கேயே நிறுத்திக்கொண்டார். முள் வட்டத்தில் பாதியைக்கூடத் தொடவில்லை. எஞ்சின் தூங்குகிற குழந்தை மாதிரி சீராக மூச்சு விடுகிறது. அந்தப் பக்கம் 80, 90, 100, 110 என்று வெள்ளை எழுத்துகள் வரிசையாக, காலியாக, எங்களுக்காகக் காத்துக்கொண்டு நிற்கின்றன. அந்தக் காலி இடத்தைப் பார்த்துக்கொண்டே வந்தேனே, அந்தப் பத்து நிமிஷத்துக்கு ஈடாக எதையும் கேட்காதீர்கள்.

திரும்பி வந்து எஞ்சினை அணைத்தார். எனக்கு நாக்கு எழவில்லை, அவர் கையைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டே இருந்தேன். தங்கச்சி வீட்டுக்குப் போனதும் ஊருக்குப் போன் போட்டேன். சித்தப்பாவுக்கு இப்போது காது மந்தம். "நூத்தி அம்பது போட்டிருக்கான் சித்தப்பா! மைல்!" என்று மூன்று தடவை கத்தினேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை.

அப்புறம் கேட்டார்: "முள்ளு ஆடுச்சா?"