இலியோன் நகரத்து ஒளிவிழா: ஒரு மதிப்பீடு

பிரான்சு நாட்டின் இலியோன் நகரிலே டிசெம்பர் 8ஆம் நாளையொட்டிப் பொதுவாக நான்கு இரவுகள் நிகழும் ஒளிவிழா உலகறிந்தது. காண்போரும் பங்குகொள்ளுமாறு அமைந்த படைப்புக்கள் அங்கு இடம்பெறுவதுண்டு. அப்பங்கேற்பின் தன்மை யாது என்பதை ஈண்டு நோக்குவாம்.

1852ஆம் ஆண்டிலே பூர்வியேர்க் குன்றின் சிற்றாலயக் கோபுரத்திற் கன்னிமரியாளின் திருச்சுரூபம் நிறுவப்பட்டது. செப்டெம்பர் 8ஆம் நாளுக்குக் குறித்த அவ்விழா, சோன் நதியின் வெள்ளத்தாற் சிற்பியின் பணி தடைப்பட, டிசெம்பர் 8ஆம் நாளுக்குப் பிற்போடப்பட்டது. அன்றும் புயன்மழை அச்சுறுத்திற்று. மாலையில் வானந் தெளியவே, மக்கள் தத்தம் யன்னல்களில் மெழுகுதிரிகளை ஏற்றினர். கண்ணாடிக் குவளையிற் றிரியேற்றி யன்னலில் வைக்கும் வழக்கம் இவ்வாறு நிலைபெற்றது. 1989ஆம் ஆண்டில் மாநகரசபை கட்டடங்களுக்கு ஒளியூட்டும் பெருந்திட்டமொன்றைத் தொடங்கிற்று; 1999ஆம் ஆண்டிலிருந்து விழா இன்றைய கலைவிழாவாக வளர்ந்தது.

தெரோ சதுக்கத்திலும் புனித யோவான் பேராலய முகப்பிலும் வீழ்த்தப்படும் ஒளியோவியங்களின் பயனை மறுத்தலாகாது. தூணையும் வளைவையும் ஒளி தழுவிச் செல்லும்போது, நாடோறுங் கண்டு பழகிய கட்டடமும் புதிதாகத் தோன்றுகின்றது. ஆனால், கட்டடத்தின் அமைப்பைப் பொருட்படுத்தாத ஓவியம் அதனை வெறுந் திரைச்சீலையாக்கி விடுகின்றது. முன்னது கலை, பின்னது காட்சி மாத்திரமே.

2012ஆம் ஆண்டிலே செலெஸ்தீன் நாடகசாலையின் முகப்பு பெரியதொரு பந்தாட்டப் பலகையாக மாற்றப்பட்டது. கீழே நின்றோர் கருவியை இயக்க, ஒளிப்பந்து சுவரில் ஓடிற்று. களிப்பூட்டும் படைப்பே அது. எனினும், ஆடுவோன் செய்யத்தக்கன யாவும் அமைத்தோனால் முன்னரே வரையறுக்கப்பட்டவை. ஒருவன் விலகினால் மற்றொருவன் அவ்விடத்தை நிரப்புவான். படைப்பிற்குக் குறைவு நேராது. யன்னல் விளக்கோ அத்தகையதன்று. வீட்டார் ஏற்றாதுவிடின் அவ்விடம் இருளாகவே கிடக்கும். ஆதலின், காண்போன் இல்லாவிடத்து எது இல்லாதொழியும் என வினவுதலே பங்கேற்புக் கலைக்கு உரிய உரைகல் என்பது எமது துணிபு.

இவ்வுரைகல்லில் விழாவை உரைத்துப் பார்க்கும் வாய்ப்பை வரலாறே இருமுறை அளித்தது. 2015ஆம் ஆண்டு நவம்பரிற் பாரிஸ் நகரிலே நிகழ்ந்த படுகொலைகளின் பின்னர் அவ்வாண்டுக் கலைவிழா கைவிடப்பட்டது. மாண்டோரின் நினைவாக மக்கள் யன்னல்களில் விளக்கேற்றினர். 2020ஆம் ஆண்டிற் கொள்ளைநோய் காரணமாக விழா நின்றபோதும் யன்னல் விளக்குகள் நிற்கவில்லை. பொறிகள் அனைத்தும் அணைந்த பின்னரும் விழா எஞ்சியிருந்ததெனின், அதன் உயிர்நிலை பொறிகளில் இல்லை என்பது தெளிவு.

பொறிகளை விலக்குக என்பது இதன் கருத்தன்று. காண்போனைக் கருவியின் விசையாக்காது, அவன் தானாக உவந்து அளிப்பதற்கு இடங்கொடுக்கும் படைப்பே சிறந்தது. புதுக்கலைஞர் இவ்வுண்மையைக் கற்கத் தொலைவு செல்லவேண்டியதில்லை. அவர்தம் ஒளிக்கதிர் வீழும் சுவருக்கு அயலிலுள்ள யன்னலை நோக்குதலே அமையும்.