பற்றுச்சீட்டும் ரசீதும்

2024 மார்ச்சில் மூன்று நாள் மதுரையில் நின்றேன். இந்தியாவில் கட்சிகளுக்கு நன்கொடையாகத் தேர்தல் பத்திரம் வாங்கியவர்களின் பட்டியல் வெளியாகி, பத்திரிகைகள் கம்பனிப் பெயர்களால் நிரம்பியிருந்த வாரம் அது. எனக்கு இடம் தந்தவர் ஓர் இடதுசாரிக் கட்சிக்காரர். பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"தோழர், உங்க நாட்டுல தேர்தல் நன்கொடைக்குக் கணக்குக் கேக்கவே போன வருஷந்தான் சட்டம் வந்துச்சாமே?"

கேட்ட தொனியில் ஒரு இரக்கம் இருந்தது. அந்த இரக்கம்தான் இன்னும் உறுத்துகிறது.

அவர் சொன்னதில் பிழையில்லை. எங்கள் இலங்கையின் தேர்தல் செலவின ஒழுங்குபடுத்தல் சட்டம் 2023ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டம். அது வந்த கையோடு மார்ச்சில் நடக்கவிருந்த உள்ளூராட்சித் தேர்தல், நடத்தக் காசில்லை என்று தள்ளிப்போனது. செலவுக்கு வரம்பு கட்டிய அரசிடம் செலவழிக்கவே பணமில்லை. இதை நான் தோழரிடம் சொல்லவில்லை. பதிலுக்கு 1946ஐ இழுத்தேன். அந்த ஆண்டின் பாராளுமன்றத் தேர்தல் கட்டளையிலேயே வேட்பாளர் செலவுக்கு வரம்பும் இருந்தது, கணக்குக் காட்டும் கடமையும் இருந்தது. இந்தியாவின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951இல் வந்தது. ஐந்து வருடம் நாங்கள் முந்தி. 1981இல் புதுத் தேர்தல் சட்டங்கள் எழுதியபோது அந்த ஏற்பாட்டைக் கைவிட்டு நாற்பது வருடம் சும்மா இருந்தோம் என்பதையும் சொல்லியிருக்கலாம். ஆனால் தோசை ஆறிக்கொண்டிருந்தது.

"எங்க கட்சி பத்திரம் வாங்கல. எங்களுக்கு உண்டியல்தான்" என்றார் அவர் பெருமையாக. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கோயில் உண்டியல் எங்களிடமும் உண்டு. ஆனால் யாழ்ப்பாணத்தில் "காசு உண்டியலில் வந்தது" என்றால் அதற்குப் பொருள் வேறு. ரொறன்ரோவில் மாமா ஒருவரிடம் கொடுத்த டொலர், வங்கிப் பக்கமே போகாமல், இங்கே இன்னொருவர் கையால் ரூபாயாக வீட்டு வாசலுக்கு வந்து சேரும். ஒரு கட்சி அதை வெளிப்படையாகச் சொல்லிப் பெருமைப்படுகிறதே என்று மலைத்துப்போனேன். பிறகுதான் தெரிந்தது, அவர்கள் தகர டப்பாவைக் கடைத்தெருவில் குலுக்குகிறவர்கள்.

சொற்கள் இப்படியே முழுக்கப் பிரிந்து கிடக்கின்றன. அவர்களின் தேர்தல் ஆணையம் எங்களுக்குத் தேர்தல்கள் ஆணைக்குழு. அங்கே தேர்தல் நடத்தும் அலுவலர், இங்கே தெரிவத்தாட்சி அலுவலர். அங்கே வேட்பாளர் டெபாசிட் இழப்பார், இங்கே கட்டுப்பணம் இழப்பார். ரசீது எங்களுக்குப் பற்றுச்சீட்டு. பற்றியதற்கு அடையாளமான சீட்டு என்பதால் எங்கள் சொல்லே பொருத்தம் என்பது என் எண்ணம்.

சிறு நன்கொடை விஷயத்தில் அவர்களின் கோடு 20,000 ரூபாய். ஒருவர் ஒரு நிதியாண்டில் அதற்கு மேல் ஒரு கட்சிக்குக் கொடுத்தால்தான், கட்சி அவர் பெயரை ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டும். அதற்குக் கீழே பெயர் வேண்டாம். ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் வாங்கக்கூடாது என்று 2017இல் ஒரு திருத்தம் வந்தது. ஆனால் ஒரு பெரிய தொகையைப் பெயரில்லாத பல சிறு தொகைகளாகப் பிரித்தெழுதினால் கேட்பார் யார்? பகுஜன் சமாஜ் கட்சி 20,000க்கு மேல் எவரும் தரவில்லை என்றே ஆண்டாண்டாக அறிக்கை கொடுத்து வந்திருக்கிறது.

எங்கள் சட்டத்தில் இப்படியொரு கோடு இல்லை. தன்னை யாரென்று வெளிப்படுத்தாதவரிடம் வேட்பாளர் நன்கொடை வாங்கவே கூடாது. வெளிநாட்டு அரசிடமோ, வெளிநாட்டில் பதிந்த கம்பனியிடமோ வாங்கக்கூடாது. முடிவு வெளியாகி 21 நாளுக்குள் வரவையும் செலவையும் விபரமாக ஒப்படைக்க வேண்டும். முதன்முதலில் இது 2024 செப்டம்பர் ஜனாதிபதித் தேர்தலில் நடைமுறைக்கு வந்தது. வாக்காளர் ஒருவருக்கு 109 ரூபாய் என்று வரம்பு. சங்குச் சின்னத்தில் நின்ற தமிழ்ப் பொது வேட்பாளர் அரியநேத்திரனுக்கும் அதே 109 ரூபாய், அப்போதைய ஜனாதிபதி ரணிலுக்கும் அதே. கணக்கே கொடுக்காத வேட்பாளர்கள்மேல் பின்பு வழக்குகள் வந்தன. தேர்தல் இல்லாத வருடங்களில் எங்கள் கட்சிகளுக்கு யார் கொடுக்கிறார்கள் என்று கேட்டால் பேச்சை மாற்றுவேன். அந்த ஒன்றில் இந்தியாக்காரர்களின் ஆண்டறிக்கை நல்லது.

எனக்கு விளங்காதது ஒன்று. மதுரைப் பக்கம் கலியாண வீட்டில் 101 ரூபாய் மொய் வைத்தாலும் பெயர், தகப்பன் பெயர், ஊர் எல்லாம் நோட்டில் ஏறிவிடும். அத்தனை கவனமான சமூகம் கட்சிக் கணக்கில் மட்டும் ஏன் 20,000 வரை கண்ணை மூடிக்கொள்கிறது? தோழரிடம் கேட்டேன். சிரிக்காமல் பதில் சொன்னார். "டப்பாவுல பத்து ரூபா போடுற கடைப் பையன் பேரை எழுதினா, நாளைக்கு முதலாளி அவனை வேலையை விட்டுத் தூக்கிடுவான்." 2024 பெப்ரவரி 15இல் தேர்தல் பத்திரத்தை ரத்துச் செய்த உச்ச நீதிமன்றமும் சின்ன நன்கொடையாளரின் அரசியல் சார்பு அவரது அந்தரங்கம் என்று ஏற்றுக்கொண்டிருக்கிறது.

அதற்கு என்னிடம் சட்டென்று பதில் இருக்கவில்லை. பட்டியலில் பெயர் ஏறுவது என்றால் என்னவென்று எங்கள் ஊரில் பிறந்தவனுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. யாருக்குக் காசு கொடுத்தாய் என்ற கேள்வியோடு விடிந்த வீடுகள் எங்களிடம் உண்டு. செப்டம்பரில் எங்கள் ஒழுங்கையில் நோட்டீசு கொடுக்க வந்த பெடியனிடம் பக்கத்து வீட்டு அம்மா 500 ரூபாயை மடித்துக் கொடுத்து, "பேரை மட்டும் எழுதிப்போடாதை மோனை" என்றார். சட்டப்படி அந்தப் பெடியன் அதை வாங்கியிருக்கக்கூடாது. வாங்கினான். நானும் படலையடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்படியிருந்தும் எங்கள் சட்டமே மேல் என்பேன். 500 ரூபாய் கொடுத்தவரையும் ஒரு கொடையாளராக மதித்துப் பெயர் கேட்கிறது. அடுத்த தேர்தலுக்கு உங்கள் வாசலுக்கு வருகிறவர்களிடம் பற்றுச்சீட்டுப் புத்தகம் கொண்டுவந்திருக்கிறார்களா என்று கேளுங்கள். இல்லையென்றால் தேத்தண்ணீர் கொடுத்து அனுப்புங்கள், காசு கொடுக்க வேண்டாம்.