மரமதிலும் மன்னர் மரபும்

அரச மரபொன்றின் பெருமையை அதன் கோட்டைக் கற்களைக் கொண்டு அளப்பது வரலாறு பயில்வோர் பலரிடத்தும் காணப்படும் வழக்கமாகும். புத்தளக் கரையிலே எடுப்பாய்த் தோன்றும் பழைய அரண், 17ஆம் நூற்றாண்டில் ஒல்லாந்தர் கற்பிட்டியில் எழுப்பிய கோட்டையே. அதுபற்றி, இக்கரைக்கு அதற்கு முந்திய அரசியல் வரலாறு இல்லையெனக் கருதுவாரும் உளர். அக்கருத்து பொருந்தாதென்பதற்கு மொரோக்கோ நாட்டு யாத்திரிகர் இபுன் பதூதாவின் பயணநூல் சான்று பகரும்.

அவர் 1344ஆம் ஆண்டில் மாலைத்தீவிலிருந்து வந்து 'பத்தாலா' என்னும் துறையில் இறங்கினார். அது புத்தளம் என்பர் அறிஞர். ஆங்கு ஆரியச் சக்கரவர்த்தியின் இருக்கை இருந்ததென்றும், சிறிய அழகிய அந்நகரை மரமதிலும் மரக்கொத்தளங்களும் சூழ்ந்திருந்தனவென்றும் அவர் கூறுகின்றார். வெள்ளம் அடித்துவந்த கறுவாமரங்கள் கரையிற் குன்றெனக் கிடந்தனவாம். பாரசீக மொழி அறிந்த அரசன் முத்துக்களைக் காட்டி மகிழ்ந்தான். ஆதம் மலைக்குச் செல்லப் பல்லக்கும் துணைவரும் அளித்தான்.

இந்நூலை ஆராய்வார் முதற்கண் நோக்கற்பாலது அதனுள் அமைந்த முரண்பாடாகும். துறையை அணுகுமுன் மாலுமிகள் அரசனைக் கொடியவன் என்றும் கடற்கொள்ளைக்கு மரக்கலம் விடுபவன் என்றும் பழிக்கின்றனர். நேரிற் கண்ட அரசனோ விருந்தோம்பும் பண்பினன். கேட்டதையும் கண்டதையும் ஒன்றாக்கிவிடாது இரண்டையும் விட்டுவைத்தமையே நூலாசிரியரின் நேர்மைக்குச் சான்றாம்.

எனினும், இச்சான்றின் மேல் அளவுக்கு மிஞ்சிய பாரத்தை ஏற்றுதல் தகாது. நூல் எழுதி முடிக்கப்பட்டது 1355இல். யாத்திரிகர் நினைவிலிருந்து சொல்ல, இபுன் ஜுசை என்பார் எழுதினார். 'ஆரியச் சக்கரவர்த்தி' என்பது மரபுப்பெயரே. அதனால் அவ்வரசன் இன்னானெனத் துணிதல் அரிது. யாழ்ப்பாண வைபவமாலை நல்லூரையே தலைநகராகக் கூறும். ஆதலின் புத்தளம் முத்துக்குளிப்பின் பொருட்டு அரசன் வந்து தங்கிய இடமாதலும் கூடும். மலைக்குச் செல்லும் வழியில், 'மன்னார் மந்தலி' என்னும் ஊர் அவனது நாட்டின் எல்லையென்றும் நூல் குறிக்கிறது. அதன்பின் கூறப்படும் 'பந்தர் சலாவாத்' சிலாபம் எனின், அவன் ஆணை சிலாபத்துக்கு வடக்கேயே நின்றதாதல் வேண்டும். இலங்கை முழுவதையும் அவன் ஆண்டானென்பார்க்கும், வடமுனையைக் கடந்திலன் என்பார்க்கும் இந்நூல் ஒருங்கே தடையாகும்.

மரத்தால் அமைந்ததென்று அந்நகரை எளிதாக எண்ணுதலும் முறையன்று. இங்கிலாந்தைக் கைப்பற்றிய நோமண்டிக் கோமகன் வில்லியம் 11ஆம் நூற்றாண்டில் வின்சரில் அமைத்த அரணும் முதலில் மரத்தாலாயதே. 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் ஹென்றி அதற்குக் கன்மதில் எடுத்தான். யாத்திரிகர் புத்தளம் வந்த அதே 1344இல், மூன்றாம் எட்வேட் அவ்வரணில் பெருவிழா எடுத்து வீரரைக் கூட்டினான். 1917இல் ஆங்கில அரச குடும்பம் அதன் பெயரையே தன் பெயராகச் சூடிற்று.

வின்சரின் மரம் கல்லாயிற்று. புத்தளத்தின் மரம் மண்ணாயிற்று. அவ்வேறுபாடு பிற்கால வாய்ப்பினால் நேர்ந்ததன்றி, அரசர்தம் தகுதியினால் நேர்ந்ததன்று. கல் நில்லாத இடத்திற் சொல்லே சான்றாகும். அச்சொல்லைக் கூட்டாமலும் குறைக்காமலும் கற்றல் இக்கரையின் வரலாற்றை எழுதப் புகுவார்க்கு முதற்கடனாகும்.