தக்கன எல்லாம் குறையற்றனவா?

“தக்கன பிழைக்கும்” என்னும் தொடரை 1864இல் ஆக்கியவர் ஹெர்பர்ட் ஸ்பென்சர். டார்வின் தம் ‘உயிரினங்களின் தோற்றம்’ நூலின் 1869ஆம் ஆண்டுப் பதிப்பில் அதனை ஏற்றுக்கொண்டார். நாளடைவில் மேடைப் பேச்சில் அது, “பிழைத்தன எல்லாம் குறையற்றன” என்று பொருள் திரிந்தது. அத்திரிபு பொருந்தாது என்பதற்கு, நீலாய்த் தோட்டப்புறத்தார் நன்கறிந்த பால்மரமே சான்று.

பால்மரத்தின் தாயகம் அமேசான் காடு. அதன் இலையைக் கருக்கும் பூஞ்சணமும் அங்கேயே உண்டு. ஆயினும் காட்டில் மரங்கள் சிதறி நிற்பதால் நோய் எளிதில் தாவுவதில்லை. ஓரளவே தாங்கும் மரமும் விதை ஈன்று வழிவழி வாழ்கிறது. இயற்கைத் தேர்வு அதற்கு மேல் கேட்பதில்லை. 1928இல் ஹென்றி ஃபோர்டின் நிறுவனம் பிரேசிலில் தோட்டம் தொடங்கி அதே மரத்தை நெருக்கமாக நட்டது. பூஞ்சணம் அதனைச் சூறையாடிற்று. 1945இல் நிறுவனம் நிலத்தை அரசுக்கே விற்று நீங்கிற்று.

மலாயாவின் பழைய மரங்களில் பெரும்பாலானவை, 1877இல் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து சிங்கப்பூரை அடைந்த 22 கன்றுகளின் வழிவந்தவை. பூஞ்சணம் உடன் வரவில்லை. நீலாயில் அவை நிரைநிரையாகச் செழித்தது நோயை வென்றதனால் அன்று, அதனைக் காணாததனால். காணாத பகைக்கு எதிரான வன்மையைத் தேர்வு எங்ஙனம் பொறுக்கி எடுக்கும்? அதற்கு முன்னறிவு இல்லை. கைக்கு எட்டிய வேறுபாடுகளிலிருந்தே அது தெரிந்தெடுக்க வேண்டும்.

ஒன்றைப் பெற மற்றொன்றை இழக்கும் கணக்கும் உண்டு. மங்கில் வடியும் பால், அடிமரம் பருப்பதற்கான உணவில் பங்கு கொள்கிறது. மிகுபால் தரும் ஒட்டுக்கன்று இனங்கள் சில பலத்த காற்றில் எளிதில் முறிகின்றன. அவை மனிதர் தேர்ந்தவை எனினும், இயற்கைத் தேர்வும் இக்கணக்கிற்குக் கட்டுப்பட்டதே.

நீலாய்த் தோட்டங்கள் பல இன்று செம்பனைக்கும் நகருக்கும் இடம் விட்டன. எஞ்சிய மலேசியப் பால்மரங்களை அப்பூஞ்சணம் இன்னும் எட்டவில்லை. அதனைத் தடுத்து நிற்பது மரத்தின் நிறைவு அன்று; கடலின் தொலைவும், எல்லையில் செடிகளைச் சோதிக்கும் காவலுமே. ஆதலின் “தக்கது” என்பதற்கு “இவ்விடத்திற்கு, இப்போதைக்கு” என்னும் வரம்பு இன்றியமையாதது. அதனை மறந்து மரத்தின் வலிமையை நம்புவோர் காவலைத் தளர்த்துவர். விலை கொடுப்பவரோ அம்மரத்தை நம்பிப் பிழைப்பவர்.