சுவர்த்தாளிற் பதித்த கவிதைகள்

கவிதைக்குத் தாளும் கட்டும் புறம்பானவை என்பதே பலர் கொள்கை. உருசிய எதிர்காலவாதக் கவிஞர் அதனை ஏற்றிலர். எழுதுவோனின் உள்ளநிலை கையெழுத்தை மாற்றும். அம்மாற்றம் சொல்லின் துணையின்றியே படிப்போனைச் சென்றடையும் என 1913இல் கிளெப்னிக்கோவும் குருச்சோனிக்கும் வாதித்தனர். 1912இல் அவ்விருவரும் வெளியிட்ட 'மிர்ஸ்கொன்சா' என்னும் நூலிற் கையெழுத்தே கல்லச்சிற் பதிக்கப்பட்டது. அட்டையிற் கொஞ்சரோவா வெட்டியொட்டிய தாளுருவம் படிக்குப்படி வேறுபடும். ஈண்டுக் கொள்கையும் செய்கையும் ஒன்றுபட்டன.

கமென்ஸ்கியின் 'பசுக்களோடு தாங்கோ' (1914) பற்றி அவ்வாறு கூறல் அரிது. மலிவான பூச்சுவர்த்தாளில் அச்சிட்டு, மூலையொன்றை வெட்டி, நூலை ஐங்கோணமாக்கினர். செல்வர்தம் பட்டுக்கட்டு நூல்களை அத்தாள் நன்றாகவே எள்ளுகின்றது. ஆயினும், வெள்ளைத்தாளிற் பதிப்பினும் கவிதை பெரிதும் இழவாது; அதன் உயிர் எழுத்துக்களின் பருமையிலும் பக்கத்தைக் கட்டங்களாக வகுத்த முறையிலுமே உளது.

1915இல் அச்சான 'சாவும்நயா கினிகா'வின் அட்டையிலோ, ரோசனோவா செந்தாள் இதயமொன்றின்மேல் மெய்யான பொத்தானைப் பொருத்தினார். குருச்சோனிக்கோடு அதில் எழுதியவர், பின்னர் மொழியியலாற் புகழ்பெற்ற யாக்கோப்சன். அன்று அவர் பூண்ட பெயர் அலியாக்ரோவ். பொத்தான் வெறும் விளையாட்டென்பாருமுளர். யாம் உடன்படோம். உள்ளே பொருள்கடந்த சொற்களையே கேட்கப்போகும் வாசகனுக்கு, வாயிலிலேயே கைதொடும் பொருளொன்றை அஃது அளிக்கின்றது.