எமி கார்மைக்கேலின் நூல்களில் மீட்கப்பட்ட குழந்தை

முன்னுரை

அயர்லாந்தில் 1867ஆம் ஆண்டு பிறந்த எமி கார்மைக்கேல் 1895இல் இந்தியா வந்தார். 1901 முதல் திருநெல்வேலிப் பகுதியின் டோனாவூரில் தங்கி, கோயில்களுக்குப் பொட்டுக்கட்டிவிடப்படும் நிலையிலிருந்த சிறுமியரை வளர்த்தார்; 1951இல் அவ்வூரிலேயே மறைந்தார். அவருடைய 'திங்ஸ் ஆஸ் தே ஆர்' (1903), 'லோட்டஸ் பட்ஸ்' (1909) ஆகிய நூல்கள் குழந்தைகளை எவ்வாறு சித்திரிக்கின்றன என்பதை இக்கட்டுரை மதிப்பிடுகிறது.

உள்ளதை உள்ளவாறு உரைத்தல்

மிஷனரி நூல்கள் பெரும்பாலும் வெற்றியின் வரலாறுகளாக அமைந்தன. கடல் கடந்து வாழும் வாசகரின் நம்பிக்கையையும் நன்கொடையையும் வளர்ப்பது அவற்றின் பயனாகக் கருதப்பட்டது. 1903ஆம் ஆண்டு நூல் இம்மரபை மீறுகிறது. மதமாற்றத்தின் அருமையையும் சாதிக் கட்டுப்பாட்டின் வலிமையையும் தோல்விகளையும் அது மறைக்கவில்லை. ஊக்கம் தருவதாக இல்லை என்று கருதப்பட்டு அதன் கையெழுத்துப்படி முதலில் திருப்பப்பட்டது என்பதும் எண்ணத்தக்கது. டோனாவூர் இல்லம் நன்கொடை கேட்பதில்லை என்ற கொள்கையையும் மேற்கொண்டது. எனவே, இரக்கத்தைப் பணமாக்கும் எழுத்து என்று இந்நூல்களை ஒதுக்கிவிட இயலாது.

குரலின்மை

எனினும், இந்நூல்களில் காணும் குறை வேறிடத்தில் உள்ளது. 'லோட்டஸ் பட்ஸ்' நூலின் நிழற்படங்களும் குறும்புச் சித்திரங்களும் குழந்தைகளைத் தனித்தனி ஆளுமைகளாகக் காட்டுகின்றன. அது அந்நூலின் சிறப்பு. ஆயின் தமிழில் பேசிய குழந்தைகளின் சொற்கள் ஆசிரியரின் ஆங்கிலத்தின் வழியே, அவர்களை அறியாத வாசகரை நோக்கியே செல்கின்றன. பெற்ற தாயரோ குழந்தையைக் கொடுப்பவராகவோ திரும்பக் கேட்பவராகவோ தோன்றி மறைகின்றனர். அவர்களை அந்நிலைக்குத் தள்ளிய வறுமையும் குல வழக்கும் அவர்கள் வாய்மொழியாக விரிவதில்லை.

இதே கொடுமையைப் பேசும் மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரின் 'தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்' (1936) புதினம் ஒப்பிடத்தக்கது. அவ்வழக்கின் உள்ளிருந்து வந்தவர் எழுதிய அப்படைப்பில், பாதிக்கப்பட்ட பெண்களே வாதிடுகின்றனர். தம் குலத்தாரிடம் தமிழிலேயே பேசுகின்றனர். முன்னதில் மீட்பவரின் அன்பு கதையை நடத்துகிறது. பின்னதில் மீள்பவரின் அறிவு நடத்துகிறது.

முடிவுரை

சென்னை மாகாணத்தில் தேவதாசி ஒழிப்புச் சட்டம் 1947இல்தான் நிறைவேறியது. அதற்கு நாற்பதாண்டுகளுக்கும் முன்பே சிறுமியர்க்குப் புகலிடம் அளித்த தொண்டின் மதிப்பு, எழுத்தின் குறையால் குன்றுவதன்று. தொண்டின் பெருமையால் எழுத்தின் குறை மறைவதுமன்று. கார்மைக்கேலின் கல்லறையில் பெயர்க்கல் இல்லை. 'அம்மா' என்னும் சொல் பொறித்த பறவைத் தொட்டியை அவர் வளர்த்த பிள்ளைகள் அங்கு அமைத்தனர். அவர்களே தேர்ந்த அச்சொல், அவர்களைப் பற்றிய நூல்கள் தரத் தவறிய சான்றாக நிற்கிறது. வறிய குழந்தைகளைத் தொலைவிலுள்ளோர்க்கு அறிமுகப்படுத்தும் எந்த எழுத்தையும், அக்குழந்தைகள் வளர்ந்தபின் தாமே படித்து ஏற்கத்தக்கதா என்னும் அளவுகோலால் மதிப்பிடுதல் தகும்.